எண்ணெயும் தண்ணீரும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

ஒட்டாத இருவரைக் கண்டால் "எண்ணெயும் தண்ணீரும் போல" என்று சொல்வது நம் ஊர்களில் வழக்கம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பிரிபுனலில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கிவிட்டு, சற்று நேரத்தில் அடியில் நீரும் மேலே எண்ணெயுமாகப் பிரிந்து நிற்பதைக் காட்டியபோது, உவமை மெய்யாயிற்று என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த உவமையை அளவுக்கு மீறி நம்பியதன் விளைவாகச் சென்ற ஆண்டு எங்கள் வீட்டு ஆயில் இஞ்சினின் கிராங்க் கெட்டது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

எங்களுக்கு நிலம் அதிகம் இல்லை. ஐந்து குதிரைத்திறன் கொண்ட ஒரு டீசல் இஞ்சினும் பம்பும் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வந்தும் வயலுக்கு ஏறாத இடங்களுக்கு அப்பா அதைக் கொண்டுபோய், மணிக்கணக்கில் வாடகைக்கு இறைத்துக் கொடுப்பார். நான் கல்லூரிக்கு வந்து படிப்பதும் பெரும்பாலும் அந்த வாடகையில்தான்.

ஒருநாள் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை அப்பா உருவியபோது மட்டம் ஏறியிருந்தது. ஊற்றாமலே ஆயில் கூடுமா? கூடியது ஆயிலன்று, தண்ணீர். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் தூக்கலாக விட்ட காப்பியின் நிறத்தில் இருந்தது. மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். சிலிண்டர் லைனரைச் சுற்றி ஓடும் குளிர்விக்கும் நீர் கீழே ஆயிலுக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. வளையத்தை மாற்றிவிட்டு, "ஆயிலைப் பூராவும் கொட்டிட்டுப் புதுசு ஊத்துங்கண்ணே" என்று சொல்லிச் சென்றார்.

இந்த இடத்தில்தான் நான் குறுக்கிட்டேன். மூன்று லிட்டருக்கு மேல் ஆயில். அதுவும் மாற்றி ஒரு மாதங்கூட ஆகவில்லை. "எண்ணெயும் தண்ணியும் கலக்காதுப்பா. ஒரு ராத்திரி டின்ல அசையாம வச்சா தண்ணி அடியில தங்கிடும். மேல இருக்கறத ஊத்திக்கலாம்" என்றேன். அப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு, படித்தவன் சொல்கிறான் என்று ஒப்புக்கொண்டார். காலையில் பார்த்தால் டின்னின் அடியில் மெய்யாகவே தண்ணீர் நின்றது! எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேலே நின்ற ஆயில் இன்னும் காப்பி நிறத்தில்தான் இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் முன்னிலும் கெட்டியாகத் தெரிந்தது. கெட்டியாக இருப்பது நல்லதுதானே என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த ஆயிலை ஊற்றி இரண்டாம் நாள், இறைத்துக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் தடதடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பிக் என்ட் பேரிங் உருகிக் கிராங்கில் ஒட்டியிருந்தது. ஆயில் வடிகட்டியில் வெண்ணெய் போல ஒரு வெளிர்ப் பசை அப்பியிருந்தது. கிராங்கைப் பட்டறைக்கு அனுப்பிக் கடைந்து வாங்கி, இஞ்சினை மறுபடி ஓட்ட மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் அந்தப் போகத்தின் இறைப்பும் முடிந்துபோயிற்று.

அப்பா ஏசவில்லை. கழற்றிய பேரிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது உங்க புஸ்தகத்துல இல்லையா?" என்று மட்டும் கேட்டார். கேலியாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு நூலகத்திலும், நம் துறைப் பேராசிரியர்களிடம் கேட்டும் நான் சேர்த்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலாவதாக, எண்ணெயும் நீரும் ஏன் கலப்பதில்லை? ஒன்றையொன்று வெறுப்பதால் என்பதே நம்மில் பலர் சொல்லும் விடை. அது சரியன்று. நீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஆக்சிஜன் பக்கம் சிறிது எதிர்மின்னும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின்னும் இருப்பதால், ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சுற்றி நான்கு பேரை வரை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ள முடியும். எண்ணெய் மூலக்கூறோ நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி. பிடித்துக்கொள்ள அதற்குக் கை இல்லை.

கும்மியடிக்கும் கூட்டத்தின் நடுவே ஒருவன் கைகட்டிக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவனை யாரும் அடித்து விரட்டுவதில்லை. ஆனால் அவனை ஒட்டி நிற்பவர்கள் அவன் பக்கம் கை நீட்டிப் பயனில்லை என்று மற்றவர்கள் பக்கமே திரும்பி நிற்க வேண்டியிருக்கிறது. இஷ்டம்போல் சுழல முடிவதில்லை. நீரில் எண்ணெய் மூலக்கூறு புகுந்தால் நேர்வதும் இதுவே. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் சுதந்திரம் குறைகிறது. வெப்ப இயக்கவியலின் சொல்லில் என்ட்ரோபி குறைகிறது. கைகட்டி நிற்பவர்கள் தனித்தனியே நில்லாமல் ஒரு மூலையில் சேர்ந்து நின்றால், தடைப்படுவோர் தொகை குறையும். ஆகவே எண்ணெய் எண்ணெயோடு சேர்வது எண்ணெயின் விருப்பத்தால் என்பதைவிட நீரின் வசதிக்காக எனலாம். 1945-இல் பிராங்க், எவன்ஸ் என்ற இருவர் இவ்விளக்கத்துக்கு அடியிட்டனர். 1959-இல் வால்டர் காஸ்மன், நம் உடலிலுள்ள புரதங்கள் மடிந்து உருக்கொள்வதற்கும் இதுவே முக்கியக் காரணம் என்று காட்டினார்.

வெறுப்பு இல்லை என்பதற்குக் குளத்திலேயே சாட்சி உண்டு. வெறுப்பிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் நீர்மேல் முத்தாகத் திரண்டு நிற்க வேண்டுமல்லவா? நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ அப்படி நிற்காமல் பரவுகிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனை அடுத்த கிளாப்பம் என்னுமிடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டார். அது பரவிப் பரவி அரை ஏக்கர் நீரைக் கண்ணாடி போல அமைதியாக்கிற்று என்று 1774-இல் வெளியான கட்டுரையில் எழுதியுள்ளார். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தேக்கரண்டி 5 கன செ.மீ.; அரை ஏக்கர் என்பது நம் கணக்கில் 50 சென்ட், அதாவது சுமார் 2,000 சதுர மீட்டர். வகுத்தால் படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர் வருகிறது. ஏறக்குறைய ஒரு மூலக்கூறின் உயரம்! பத்து வயதில் பள்ளியை விட்ட பிராங்க்ளின் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. 1890-இல் ராலே பிரபுதான் இத்தகைய படலத்தின் தடிமனை அளந்து கணக்கிட்டார்.

அந்த ராலேக்கு 1891 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆக்னஸ் பாக்கல்ஸ். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத நாள். பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருந்தவர். தம்பியின் பாடப் புத்தகங்களைக் கொண்டு இயற்பியல் கற்றவர். பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் பசை என்ன செய்கிறது என்று வியந்து, தகரத் தொட்டி ஒன்றில் பரப்பு இழுவிசையை ஆண்டுக்கணக்கில் அளந்து வைத்திருந்தார். ராலே அக்கடிதத்தை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். பின்னாளில் லாங்மியூர் இதே துறையில் ஆராய்ந்து 1932-இல் நோபல் பரிசு பெற்றபோது, அவர் கையாண்ட தொட்டி பாக்கல்ஸின் தொட்டியின் வழிவந்ததே. எங்கள் வீட்டிலும் பாத்திரம் கழுவுகிறோம்; எனக்கு இது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பரவும் எண்ணெய்க்கும் பரவாத எண்ணெய்க்கும் உள்ள வேற்றுமை இங்கே முக்கியம். தாவர எண்ணெய் மூலக்கூறின் ஒரு முனையில் ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அம்முனை நீரைத் தொட்டுக்கொள்ளும், மற்றது மேலே நிற்கும். தூய கனிம எண்ணெயில் அந்த முனை இல்லாததால் அது நீர்மேல் பெரும்பாலும் வில்லை போல் நின்றுவிடும். சோப்பும் முட்டையின் மஞ்சட்கருவும் இத்தகைய இரட்டை முனைப் பொருள்களைக் கொண்டவை. ஒரு கை நீருக்கும் ஒரு கை எண்ணெய்க்கும் கொடுத்து, எல்லையில் நின்றுகொண்டு, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுப்பவை. இவற்றுக்குப் பால்மமாக்கிகள் என்று பெயர்.

நான் செய்த முதல் தவறு இதோ. இஞ்சின் ஆயிலை வெறும் கனிம எண்ணெய் என்று நினைத்தேன். கடையில் வாங்கும் ஆயிலில் இரட்டை முனைப் பொருள்கள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருக்கின்றன. கரியும் கசடும் ஓரிடத்தில் படியாமல் ஆயிலோடு மிதந்து வருவதற்காக அவற்றைச் சேர்க்கிறார்கள். ஆயில் சீக்கிரம் கறுப்பது கெட்ட அடையாளம் அன்று. அது தன் வேலையைச் செய்கிறது என்பதே பொருள். கரியைத் தாங்கும் அதே பொருள்தான் நீர்த்துளியையும் தாங்குகிறது. கடைவதற்கு மத்தும் உள்ளேயே இருக்கிறது: நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு முறை சுழலும் கிராங்க்.

பாலும் ஒரு பால்மம், வெண்ணெயும் ஒரு பால்மம். பாலில் கொழுப்புத் துளிகள் நீரில் மிதக்கின்றன. வெண்ணெயில் நீர்த்துளிகள் கொழுப்பில் சிறைப்பட்டிருக்கின்றன. எது வெளியே நிற்கும் என்பதற்கு 1913-இல் பான்கிராஃப்ட் ஒரு விதி சொன்னார். பால்மமாக்கி எதில் அதிகம் கரைகிறதோ அதுவே வெளிப்புறம். இஞ்சின் ஆயிலின் சேர்க்கைப் பொருள்கள் எண்ணெயில் கரைபவை. ஆகவே ஆயில்தான் வெளியே, நீர் உள்ளே. பார்வைக்குப் பாலாக இருந்தாலும் எங்கள் ஆயில் வெண்ணெயின் இனம். வடிகட்டியில் அப்பியிருந்த பசைக்கு மெக்கானிக் வெண்ணெய் என்று பெயர் சொன்னபோது, அறியாமலே சரியான வேதியியல் சொன்னார். லேத் பட்டறையில் இரும்பு கடையும்போது ஊற்றும் வெள்ளைத் திரவம் இதற்கு நேர்மாறு: அங்கே நீர் வெளியே, எண்ணெய்த் துளி உள்ளே. நீர் சூட்டை எடுத்துச் செல்கிறது, எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது. இரண்டும் வெள்ளைதான், ஒன்று இரும்பைக் காக்கிறது, மற்றது அரிக்கிறது.

இரண்டாவது தவறு, ஒரு ராத்திரி போதும் என்றது. துளி எவ்வளவு வேகத்தில் கீழிறங்கும் என்பதற்கு ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதியை நாம் இயற்பியல் துணைப்பாடத்தில் படித்திருக்கிறோம். வேகம் ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், பாகுநிலைக்கு எதிர்விகிதம். தேர்வுக்காக எழுதிவிட்டு மறந்துபோன அந்தச் சூத்திரத்தில், எங்கள் டின்னின் எண்களைப் போட்டேன். ஆயிலின் அடர்த்தி 0.88, நீருக்கு 1. சாதாரண வெப்பநிலையில் எஸ்.ஏ.இ. 40 ஆயிலின் பாகுநிலை நீரைப்போல ஏறக்குறைய 200 மடங்கு. ஆயிலின் ஆழம் 15 செ.மீ. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி மேலிருந்து அடிக்கு வர எட்டு நிமிடமும் ஆகாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிக்கு சுமார் 13 மணி நேரம்; அதாவது ஒரு ராத்திரி. காலையில் நான் கண்டு பெருமைப்பட்ட தண்ணீர் அதுதான். நூறில் ஒரு பங்கு விட்டமென்றால் 53 நாள். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரான் துளி? பதினான்கரை ஆண்டுகள்! இறங்கிய தண்ணீரை மட்டும் பார்த்தேன். இறங்காததை அந்தக் காப்பி நிறம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒளியைச் சிதறடிக்கும் நுண்துளிகள் இருந்தால்தான் அந்நிறம் வரும்.

கப்பல்களில் ஆயிலைக் கொட்டிவிட முடியாது. அங்கே அளவு பெரிது. ஆகவே ஆயிலைச் சூடாக்கிப் பாகுநிலையைக் குறைத்து, வேகமாகச் சுழலும் கலத்தில் செலுத்தி நீரைப் பிரிக்கிறார்கள். ஸ்டோக்ஸ் விதியில் புவியீர்ப்புக்குப் பதில் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு விசையை வைத்தால் ஆண்டுகள் நிமிடங்களாகும். இந்த இயந்திரத்தின் முன்னோடி, ஸ்வீடனின் குஸ்தாப் டி லாவல் 1878-இல் பாலிலிருந்து ஆடை பிரிக்கச் செய்தது. பால், வெண்ணெய், இஞ்சின் ஆயில் என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறோம்!

ஆயில் கெட்டியாகத் தெரிந்ததே, பின் ஏன் பேரிங் உருகியது? இதுதான் என்னை அதிக நாள் குழப்பியது. எண்ணெயில் நீர்த்துளிகள் சிறைப்பட்டால் மொத்தத்தில் அது முன்னிலும் கெட்டியாவது உண்மையே. ஆனால் பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே சுமை தாங்கும் படலம் சில மைக்ரான்களே தடிமன் கொண்டது. தலைமயிரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே துளியின் அளவும் இடைவெளியின் அளவும் ஒன்றாகிவிடுவதால், ஓரிடத்தில் ஆயிலும் அடுத்த இடத்தில் வெறும் தண்ணீரும் நிற்கும். நூறு பாகையில் எஸ்.ஏ.இ. 40 ஆயிலின் பாகுநிலை நீருடையதைப்போல நாற்பது மடங்குக்கு மேல். அழுத்தம் ஏறினால் ஆயில் மேலும் இறுகும், நீர் இறுகாது. போதாக்குறைக்கு, சூட்டில் நீர் ஆவியானால் ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து படலத்தைக் கிழிக்கும். உலோகம் உலோகத்தைத் தொடும். வடிகட்டி பசையால் அடைபட்டதால் வரவேண்டிய ஆயிலும் வரவில்லை. தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்திருக்கும் துத்தநாகச் சேர்மம் நீரால் சிதையும் என்பதும் உண்டு. இரண்டே நாளில் அது எவ்வளவு கெடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை.

வளையம் வெடித்தால்தான் நீர் வரும் என்பதுமில்லை. நீர் இஞ்சினுக்குள்ளேயே பிறக்கிறது. செட்டேன் என்னும் டீசல் வகை ஹைட்ரோகார்பனில் 16 கார்பனும் 34 ஹைட்ரஜனும் உள்ளன. எரிந்தால் அந்த ஹைட்ரஜன் 17 நீர் மூலக்கூறாகிறது. 226 கிராம் செட்டேன் 306 கிராம் நீர் தருகிறது. சுருங்கச் சொன்னால், ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. குளிர்ந்த காலையில் இஞ்சினைப் போட்டதும் புகைக்குழாயில் நீர் சொட்டுவதை நினைவுபடுத்திய பிறகே, "அதுதானா அது" என்றார். பெரும்பகுதி ஆவியாகப் புகையோடு போய்விடும். சிறிதளவு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயிலுக்கு இறங்கும். இஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அதுவும் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஐந்து நிமிடம் என்று ஓட்டினால் உள்ளேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் சிறிது வெள்ளைப் பசை கண்டு பதறுபவர்கள், முதலில் இதை நினைத்துப் பார்க்கலாம். மட்டம் ஏறியிருந்தால் மட்டும் பதறுவது நியாயம்.

டீசல் டாங்கில் நீர் அடியில் தங்குவதால் கீழ்த் திருகைத் திறந்து வடிக்கலாம். அங்கே என் உவமை ஓரளவு செல்லும். பெட்ரோலின் கதை வேறு. இப்போது அதில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கு நீரும் உறவு, பெட்ரோலும் உறவு. சிறிது நீர் வந்தால் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரோடு சேர்ந்து தானும் அடியில் இறங்கிவிடும். மழைக்காலத்தில் இருசக்கர வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் டாங்க் மூடியின் ரப்பரைக் கவனித்துக்கொள்வது நல்லது.

ஆயிலில் நீர் உண்டா என்று அறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. நன்றாகச் சூடேறிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டால் போதும். சுத்தமான ஆயில் அமைதியாகப் பரவும். ஆயிரத்தில் ஒரு பங்கு நீர் இருந்தாலும் படபடவென்று பொரியும். ஈரக் கரண்டியைத் தாளிக்கும் எண்ணெயில் விட்ட அம்மாக்களுக்கு இது பழைய செய்தி. சூடு 150 பாகை அளவில் இருக்க வேண்டும். மிகவும் பழுத்தால் ஆயிலே புகையும். கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளவும். அந்தக் காலையில் இந்த ஒரு சொட்டுச் சோதனையைச் செய்திருந்தால் கிராங்க் பிழைத்திருக்கும்.

இப்போது ஆயில் மாற்றும் நாளில் அப்பா உடைந்த தோசைக்கல் ஒன்றை அடுப்பில் வைத்து, பழைய ஆயிலில் ஒரு சொட்டு விட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார். நான் அந்தக் கெட்ட ஆயிலில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, ஜன்னலில் வைத்திருக்கிறேன். ஏழு மாதமாகிறது. அடியில் விரல் நகமளவு வெள்ளை சேர்ந்திருக்கிறது. மேலே இன்னும் காப்பி நிறந்தான்.